இது ஸ்கப்பர்நாங்தானா? வாயில் போட்டுப் பார்த்துச் சொல்ல முடிவது எவ்வளவு

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ராலே நகரத்துக்குக் கிழக்கே வீடு வாங்கியிருக்கும் நண்பர் போன செப்டம்பரில் அழைத்தார். வீட்டின் பின்பக்கம் மரச்சட்டம் உளுத்துப்போன பழைய பந்தல் ஒன்று இருக்கிறது, அதில் பித்தளை நிறத்தில் குண்டு குண்டாகத் திராட்சை. "அண்ணா, பக்கத்து வீட்டுப் பெரியவர் இது நூறு வருஷத்து ஸ்கப்பர்நாங்னு அடிச்சுச் சொல்றார். ருசியே போதுமாம், வேற சாட்சி வேண்டாமாம். நீங்க ஒண்ணு வாயில போட்டுப் பாத்துச் சொல்லுங்களேன்" என்றார்.

ஸ்கப்பர்நாங் என்பது அந்தப் பக்கத்துப் பழைய திராட்சை ரகம் ஒன்றின் பெயர். போனேன், சாப்பிட்டேன். அருமையான பழம். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு அன்று பதில் சொல்லவில்லை. இந்தப் பழத்தைப் பற்றி அமெரிக்கத் தெற்கு மாநிலங்களில் யாரிடம் பேசினாலும் "எங்கள் பாட்டி வீட்டுக் கொடியின் ருசி எனக்குத் தெரியாதா" என்பார்கள். அந்த நினைவு உண்மையானதுதான். ஆனால் ருசி நினைவை வைத்து ஒரு பழைய ரகத்தின் பெயரை உறுதி செய்வது வேறு வேலை. நாக்கும் மூக்கும் இதில் எதுவரை துணைக்கு வரும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்று தெரிந்துகொண்டால் அந்தப் பழத்தை இன்னும் நன்றாகவே ருசிக்கலாம்.

மூன்று பெயர்கள், மூன்று பொருள்கள்

மஸ்கட், மஸ்கடைன், ஸ்கப்பர்நாங். இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது.

மஸ்கட் என்பது ஐரோப்பிய, மத்திய தரைக்கடல் பக்கத்துத் திராட்சைக் குடும்பம். நமக்கு ரொம்ப நெருக்கமானது. கம்பம் பள்ளத்தாக்கில் விளைந்து, 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம்தான்.

மஸ்கடைன் வேறு. இது அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் காட்டிலேயே வளரும் கொடி. அங்கே வந்து குடியேறிய ஐரோப்பியர்கள் தங்கள் ஊர் மஸ்கட்டின் பெயரை ஒட்டி இதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். பெயரில் உள்ள ஒற்றுமை உறவில் கிடையாது. சாதாரணத் திராட்சையின் செல்லில் 38 குரோமோசோம்கள், மஸ்கடைனில் 40. இரண்டையும் கலந்து கலப்பின ரகம் எடுப்பதே பெரும்பாடு. பார்வைக்கும் வித்தியாசம் தெரியும்: நீண்ட கொத்தாகத் தொங்காது, நான்கைந்து பழங்கள் சின்னக் குலையாக நிற்கும். ஒவ்வொரு பழமும் தனக்குப் பழுக்கிற நாளில் தனியாக உதிரும்.

ஸ்கப்பர்நாங் என்பது மஸ்கடைனுக்குள் ஒரே ஒரு ரகம். வட கரோலினாவில் ஓடும் ஸ்கப்பர்நாங் ஆற்றின் பெயர் இதற்கு வந்தது. 2001-இல் அந்த மாநிலம் இதைத் தன் அதிகாரபூர்வப் பழமாகவும் அறிவித்தது. ஆனால் பேச்சு வழக்கில், பித்தளை நிறத்தில் எந்த மஸ்கடைன் இருந்தாலும் அதை ஸ்கப்பர்நாங் என்று கூப்பிடுவது அங்கே பழகிவிட்டது. நம் ஊரில் எந்த நகலெடுப்பையும் 'ஜெராக்ஸ்' என்ற பிராண்டு பெயரைச் சொல்லிக் கேட்போமே, அந்த மாதிரி.

அதனால் பக்கத்து வீட்டுப் பெரியவர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது நிறத்தின் பெயராக இருக்கலாம். நண்பர் காதில் அது ரகத்தின் பெயராக விழுந்திருக்கிறது.

ருசி என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி மூக்குடையது

காபி குடிக்கும்போது மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கசப்பு தெரியும், இனிப்பு தெரியும், சூடு தெரியும். காபி தெரியாது. விரலை எடுத்த நொடியில் காபி வந்துவிடும்.

நாக்கு உணர்வது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் காளான், தக்காளி போன்றவற்றில் வரும் உமாமி, அவ்வளவுதான். மற்றதில் பெரும்பகுதி மணம். வாயில் மெல்லும்போது கிளம்பும் ஆவி தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறுகிறது. இதைப் பின்வழி மணம் என்று வைத்துக்கொள்வோம். நாம் வெளியிலிருந்து முகர்வதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. சில பழங்கள் கையில் இருக்கும்போது ஊமையாக இருக்கும், மென்றபிறகுதான் பேசும்.

துவர்ப்பை நாம் அறுசுவையில் ஒன்றாக எண்ணுகிறோம். உணவு அறிவியல் அதைத் தொடு உணர்வோடு சேர்க்கிறது: தோலிலும் விதையிலும் உள்ள டானின் என்ற பொருள் எச்சிலின் வழுவழுப்பைப் பிடித்துக்கொள்வதால் வாய் வறண்டு இழுக்கிறது. வாழைப்பூவை நறுக்கிவிட்டு ஒரு துண்டை அப்படியே மென்றால் வரும் அந்த இழுப்புதான். சுவை என்று சொன்னாலும் தொடு உணர்வு என்று சொன்னாலும் சரி, மஸ்கடைனைச் சோதிக்க அது மிகவும் வேண்டிய குறிப்பு.

மூன்று திராட்சை மணங்கள்

மஸ்கடைனுக்குப் போகும் முன் நமக்குத் தெரிந்த இரண்டு மணங்களை நினைவில் எடுத்துக்கொள்ளலாம்.

பன்னீர் திராட்சையின் மணம் ஏன் பூவை நினைவூட்டுகிறது? மஸ்கட் குடும்பத்தில் லினலூல், ஜெரானியால் போன்ற மணப்பொருள்கள் அதிகம். லினலூல் கொத்தமல்லி விதை எண்ணெயில் முக்கியமான மணப்பொருள். ஜெரானியால் ரோஜாவில் இருப்பது. பன்னீர் என்ற பெயரை யார் வைத்தார்களோ, அவர்கள் மூக்கு சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

இரண்டாவது, பெங்களூர் ப்ளூ. கருநீலத்தில், தோல் தடித்து, ஜூஸ் கடைகளில் அதிகம் புழங்கும் திராட்சை. இது அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் ரத்தம் கலந்த இசபெல்லா வழி ரகம். அந்த வகையின் மணத்துக்குப் பேர்போனது மெத்தில் ஆந்த்ரனிலேட் என்ற பொருள். செயற்கைத் திராட்சை மிட்டாயில் வரும் மணம் இதுவே. மல்லிகைப்பூ எண்ணெயிலும் இது கொஞ்சம் இருக்கிறது. அமெரிக்கத் திராட்சைக்காரர்கள் இந்தக் காட்டு நெடியை 'நரி வாசம்' என்பார்கள். நரிக்கும் இதற்கும் தொடர்பு தேட வேண்டாம். பழைய பெயர், நிலைத்துவிட்டது.

மூன்றாவது, மஸ்கடைன். இதன் சாற்றை ஆராய்ந்தபோது முன்னால் நின்ற பொருள்களில் ஒன்று ஃபுரனியால். சர்க்கரைப் பாகு பொன்னிறம் தாண்டும்போது வருமே, அந்த மணம். ஸ்ட்ராபெரியிலும் அன்னாசியிலும் இதே பொருள் உண்டு. அதோடு நரி வாசக் குடும்பத்தைச் சேர்ந்த அமினோ அசெட்டோஃபீனோன், ரோஜா மணம் தரும் ஃபினைல் எத்தனால், பழ மணம் தரும் சில எஸ்டர்கள். மொத்தத்தில், பாகு காய்ச்சும் அடுப்புக்குப் பக்கத்தில் நன்றாகப் பழுத்த அன்னாசியை நறுக்கி வைத்தது போல இருக்கும். என் மூக்குக்கு அப்படித்தான் படுகிறது.

இந்த மணத்தின் பலத்துக்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. அமெரிக்க அதிபராக இருந்து ஓய்வு பெற்ற தாமஸ் ஜெஃபர்சன் 1817-இல் எழுதிய கடிதத்தில், வட கரோலினாவின் ஸ்கப்பர்நாங் ஒயின் அதன் நறுமணத்துக்காக ஐரோப்பாவின் சிறந்த விருந்து மேசைகளில் இடம்பிடிக்கும் என்கிறார். கூடவே ஒரு வருத்தம்: அவர் ருசித்த பெரும்பாலானவற்றில் அந்த மணத்தை பிராந்தி கலந்து மூழ்கடித்துவிட்டார்களாம். ஒயின் கெடாமல் இருக்கச் சாராயம் சேர்ப்பது அந்தக் கால வழக்கம்.

ஆக, இதுவரை: பூ மணம் என்றால் மஸ்கட் பக்கம். மிட்டாய் மணம் என்றால் பெங்களூர் ப்ளூ பக்கம். பாகும் அன்னாசியும் சேர்ந்த மணத்தோடு தடித்த தோலும் இருந்தால் மஸ்கடைன். இந்த அளவில் மூக்கு நம்பகமான சாட்சி. கொஞ்சம் பழகினால் யாரும் தவற மாட்டார்கள்.

ஒரு பழத்தை முழுசாகச் சாப்பிடுவது

மஸ்கடைனை நம் ஊர்த் திராட்சை மாதிரி கையள்ளி வாயில் போட்டால் ஏமாற்றம்தான். தோல் தோல்பை மாதிரி இருக்கும். தெற்கத்திக்காரர்கள் சாப்பிடும் விதமே தனி, அந்த விதத்திலேயே சோதனையும் இருக்கிறது.

காம்பு இருந்த பக்கத்தை உதட்டுக்கு வைத்து, விரலால் அழுத்த வேண்டும். தோல் பட்டென்று வெடித்து, உள்ளே இருக்கும் வழுவழு உருண்டை வாய்க்குள் பாயும். முதலில் வருவது தோலுக்கு அடியில் இருக்கும் சாறு. பழத்தில் மிக இனிப்பான பகுதி அது. அடுத்து உருண்டையைக் கடிக்கும்போது விதையைச் சுற்றிப் புளிப்பு எழும். விதைகளைத் துப்பிவிட்டு, மீந்த தோலையும் மென்று பார்க்க வேண்டும். பலர் இங்கேதான் தோலை எறிந்துவிடுகிறார்கள். மணமும் துவர்ப்பும் அதிகம் இருப்பது தோலிலும் அதன் உள்பக்கத்திலும்தான். அங்கே வீடுகளில் இந்தத் தோலைச் சர்க்கரையோடு வேகவைத்து 'பை' என்ற மாவுப் பண்டத்துக்குள் வைத்துச் சுடுகிறார்கள். வீணாக்க மனம் வராத பழம்.

நான் சாப்பிடும்போது நாலு குறிப்புகள் எழுதி வைப்பேன்: முதல் சாற்றின் இனிப்பு, உருண்டையின் புளிப்பு, தோலின் இழுப்பு, விழுங்கிய பிறகு மூச்சை மூக்கு வழியாக விடும்போது எஞ்சும் மணம். நாலாவதுதான் அதிகம் பேசும். நண்பர் வீட்டுப் பழத்தில் அது அரை நிமிடத்துக்கு மேல் நின்றது. பாகு, பிறகு லேசான ரோஜா.

பழம் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து வந்ததாக இருக்கக்கூடாது. குளிர்ந்த பழத்தில் ஆவி கிளம்பாது, பின்வழி மணம் பாதியாகிவிடும்.

ரகம் என்றால் என்ன? மாங்கன்றைக் கேளுங்கள்

மல்கோவா சாப்பிட்டுவிட்டுக் கொட்டையைப் புதைத்தால் மல்கோவா வராது என்று நமக்குத் தெரியும். பழம் நன்றாக இருக்கலாம், ஆனால் அது வேறு மரம். மல்கோவாவே வேண்டும் என்றால் ஒட்டுக்கன்று வாங்குவோம். ரகம் என்பது இதுதான்: ஒரே ஒரு தாய்ச் செடி, வெட்டியும் ஒட்டியும் பதியம் போட்டும் எடுத்த அதன் நகல்கள்.

மஸ்கடைனின் முற்றிய குச்சியை வெட்டி நட்டால் லேசில் வேர் விடாது. அதனால் பழைய காலத்தில் கொடியை வளைத்து மண்ணில் புதைத்து, வேர் விட்டதும் அறுத்து எடுத்தார்கள். நாம் மல்லிகைக்குப் பதியம் போடுவதே தான். உண்மையான ஸ்கப்பர்நாங் எதுவாக இருந்தாலும், இப்படிப் பதியங்களின் சங்கிலி வழியாக ஒரே தாய்க்கொடியில் போய் முடியும்.

ஆனால் பறவை எச்சத்தில் விழுந்த விதையும் முளைக்கும். ஸ்கப்பர்நாங் விதையிலிருந்து முளைத்த கொடி அதன் பிள்ளை. பிள்ளையில் அம்மாவின் மணம் இருக்கும், புளிப்பு வேறாக இருக்கும், நிறம்கூட மாறலாம். பழைய பந்தலுக்குக் கீழே எத்தனையோ வருடங்களாக நிற்கும் கொடி, நட்டதா முளைத்ததா என்று யாருக்கு நினைவிருக்கும்?

வட கரோலினாக் கரையோரத்து ரோனோக் தீவில், மான்டியோ என்ற ஊரில், 'தாய்க்கொடி' என்றே பெயர் பெற்ற பிரம்மாண்டமான ஸ்கப்பர்நாங் ஒன்று நிற்கிறது. 400 வயது என்று அந்த ஊரில் சொல்வார்கள். 2010-இல் மின்கம்பியைச் சுற்றிக் களை அழிக்கத் தெளித்த மருந்து பட்டு அதன் ஒரு பகுதி கருகியது. வல்லுநர்கள் ஓடிவந்து, கருகிய பகுதிகளை வெட்டி எடுத்துக் காப்பாற்றினார்கள். ஒரு கொடிக்காக ஒரு ஊரே பதறியதற்கு இதுதான் காரணம்: பதியம் எடுக்கலாம், ஆனால் மூலத்தைத் திரும்ப உண்டாக்க முடியாது.

பிறகு ருசி ஏன் ஏமாற்றுகிறது?

நண்பர் வீட்டுப் பந்தலில் ஒரே குலையில் மூன்று பழங்கள் எடுத்தேன். ஒன்று தொட்டதும் கையில் விழுந்தது. இன்னொன்றைத் திருகி எடுக்க வேண்டியிருந்தது. மூன்றாவது காம்போடு பிய்ந்து வந்தது. முதலாவது பாகு. இரண்டாவது புளிப்பும் இனிப்பும். மூன்றாவதில் புல் வாடை, வாயை இழுக்கும் துவர்ப்பு. பெயர் தெரியாதவரிடம் கொடுத்தால் மூன்று ரகம் என்பார். ஒரே கொடி, ஒரே குலை, ஒரே நாள்.

பழுக்கும்போது அமிலம் இறங்குகிறது, சர்க்கரை ஏறுகிறது, மணம் கடைசி நாட்களில் கூடுகிறது. இந்த மாற்றம் இரண்டு ரகங்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைவிடப் பெரியது. அதற்கு மேல் அந்த வருட மழை, கொடிக்குக் கிடைத்த வெயில், மண். பழுக்கும் வாரத்தில் பலத்த மழை பெய்தால் எந்த ரகமும் சப்பென்று ஆகிவிடும்.

இன்னொரு காரணம், சொந்தபந்தம். இருபதாம் நூற்றாண்டில் உருவாக்கிய மஸ்கடைன் ரகங்கள் பலவற்றின் வம்சாவளியில் ஸ்கப்பர்நாங் இருக்கிறது. பித்தளை நிறத்தில் கார்லோஸ் என்ற ரகம் 1970-இல் வட கரோலினாவில் வெளியானது. ஒயினுக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் ஏராளமாக நட்டார்கள். அண்ணன் குரலும் தம்பி குரலும் தொலைபேசியில் ஒன்றாகக் கேட்பது போல, இவற்றின் மணமும் ஒன்றாகப் படும்.

அப்புறம், நினைவு. சிறுவயதில் சாப்பிட்டதன் ருசி நமக்குள் ஒரு அளவுகோலாக நிற்பதில்லை. நினைக்கும்போதெல்லாம் கொஞ்சம் இனித்துக்கொண்டே போகிறது. அதை வைத்து இன்றைய பழத்தை அளக்கக்கூடாது.

சுருக்கமாக: ருசி இனத்தைச் சொல்லும். ரகத்துக்கு வரும்போது 'இதுவாக இருக்கலாம்' என்பது வரைதான் வரும். 'இதுவேதான்' என்று அது சொல்லாது.

அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது

முதலில் நாக்கையே ஒழுங்காகப் பயன்படுத்தலாம். நினைவோடு ஒப்பிடாமல், ரகம் உறுதியாகத் தெரிந்த ஒரு கொடியின் பழத்தோடு ஒப்பிட வேண்டும். அதே நாள், அதே பக்குவம், தொட்டால் உதிரும் பழங்கள் மட்டும். இதற்கு முக்கோணச் சோதனை என்ற எளிய முறை இருக்கிறது: மூன்று கிண்ணங்கள், இரண்டில் ஒரே கொடியின் பழம், ஒன்றில் மற்றது. கண்ணைக் கட்டிக்கொண்டு எது வேறு என்று சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு முறை சரியாக வரும். அதனால் கிண்ணங்களை மாற்றி மாற்றி ஆறு முறை செய்ய வேண்டும். ஆறும் அதிர்ஷ்டத்தில் சரியாக வர 729-இல் ஒரு வாய்ப்புதான். வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தால் அது வேறு ரகம் என்று சந்தேகிக்கலாம். தெரியாவிட்டால் அதே ரகம் என்று ஆகிவிடாது. உங்கள் நாக்குக்குப் பிடிபடவில்லை, அவ்வளவுதான்.

பிறகு கண். நிறம் பாதிப் பட்டியலை வெட்டிவிடும். தாமஸ், ஜேம்ஸ், மிஷ், ஃப்ளவர்ஸ் என்று 19-ஆம் நூற்றாண்டில் புழங்கிய மற்றப் பழைய ரகங்கள் கருஞ்சிவப்பிலிருந்து கறுப்பு வரை. பித்தளை நிறப் பழம் அந்த நாலில் ஒன்றாக இருக்க முடியாது.

என்னைக் கேட்டால், வீட்டில் இருந்தபடியே கிடைக்கும் சாட்சிகளில் மிகப் பெரியது பூ. காட்டு மஸ்கடைனில் ஆண் கொடி தனி, பெண் கொடி தனி. பனைமரம் மாதிரி. பழைய ரகங்கள் எல்லாம் பெண் கொடிகள். பக்கத்தில் மகரந்தம் கொடுக்க வேறு கொடி இருந்தால்தான் காய்க்கும். ஒரே பூவில் ஆணும் பெண்ணும் உள்ள, தானே காய்க்கும் ரகங்கள் 20-ஆம் நூற்றாண்டில்தான் வந்தன. கார்லோஸ் அப்படிப்பட்டது.

மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ பூக்கும்போது ஒரு பூதக்கண்ணாடி போதும். பூ குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம் பெரிது, பச்சை நிறம். நடுவில் குட்டிச் செம்பு போல இருப்பது சூலகம். அதைச் சுற்றி நூல் மாதிரி நிற்பவை மகரந்தத்தாள்கள். நூல்கள் குட்டையாக, வெளிப்பக்கம் வளைந்து கவிழ்ந்திருந்தால் பெண் பூ. நிமிர்ந்து நீண்டு நின்றால் தானே காய்க்கும் பூ. நிமிர்ந்த நூலைப் பார்த்தால், பழம் எவ்வளவு மணத்தாலும் அது ஸ்கப்பர்நாங் இல்லை.

கவிழ்ந்திருந்தால்? அப்போதும் கொண்டாட முடியாது. ஃப்ரை, ஹிக்கின்ஸ் என்று ஜார்ஜியாவில் உருவான பித்தளை நிறப் பெண் ரகங்கள் இருக்கின்றன, பழம் நன்றாகப் பெரிது. அவற்றையும் கழித்துவிட்டு மிஞ்சுவது ஸ்கப்பர்நாங்காக இருக்கலாம், அதன் விதையில் முளைத்த பிள்ளையாகவும் இருக்கலாம். தாயையும் பிள்ளையையும் பிரிக்க மரபணுச் சோதனை ஒன்றே வழி. இளம் இலையிலிருந்து மரபணுவை எடுத்து, ரகம் தெரிந்த கொடியின் மரபணுவோடு சில குறிப்பிட்ட இடங்களில் ஒப்பிடுவார்கள். நகல் என்றால் எல்லா இடமும் பொருந்தும். பிள்ளை என்றால் ஒவ்வொரு இடத்திலும் குறைந்தது பாதி பொருந்தும்.

நண்பர் வீட்டுக்கு இந்த மே கடைசி வாரத்தில் மறுபடி போனேன். பக்கத்து வீட்டுப் பெரியவரும் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து நின்றார். கண்ணாடியை முதலில் அவரிடம்தான் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். நூல்கள் கவிழ்ந்திருக்கின்றன என்றார். நானும் பார்த்தேன், அப்படித்தான் இருந்தது. ஆக, கார்லோஸ் இல்லை. பழம் அவ்வளவு பெரிதும் இல்லை. சோதனைக்கு இரண்டு இளம் இலைகளைப் பறித்து, ஈரத் தாளில் சுற்றி உறையில் வைத்தோம். "வருது வரட்டும் அண்ணா, இன்னைக்கே ரெண்டு கிளைய பதியம் போட்டுடுவோம்" என்று நண்பர் மண்வெட்டி எடுக்கப் போனார்.